கூட்டக் குறிப்பில் சேர்க்க வேண்டியது

தலைவர், நான் சொல்லுறதைக் குறிப்பில எழுதுங்கோ.
இல்லாட்டில் பேனையைத் தாங்கோ, நானே எழுதுறன்.

வசந்தமலருக்குப் பொன்னாடை எண்டு
போன கூட்டத்தில தீர்மானிச்சியள்.
பிரதம விருந்தினருக்குப் பக்கத்தில
வெள்ளைத்துணி போட்ட கதிரை,
ஒரு தோடம்பழச் சோடா,
"மூத்த வீராங்கனை" எண்டு ரெண்டு சொல்லு.
பிறகு பெடியள் ஓட
அவ இருந்து பாக்கவேணும்.

அவ இண்டைக்குக் காலமை
பதிவு மேசைக்கு வந்தவ.
மில்லில இருந்து நேர வந்தபடியால்
புருவமெல்லாம் தவிடு.
இருபது ரூபாய்த் தாள் அஞ்சை எண்ணி வைச்சிட்டு
"என்ர இலக்கம் என்ன?" எண்டா.
பட்டியலைப் பாத்தன்.
பதினாறு, பதினேழு, பதினாலு.
வயதுக் கட்டத்தில நாற்பத்தொன்பது எண்டு எழுத
எனக்குக் கை கூசேல்லை.
உங்களுக்கு ஏன் கூசுது?

தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன்.
மண்ணெண்ணெயைச் சின்னப் போத்தல் கணக்கில வித்த காலம்.
சூடடிக்கிற மெசின் ஒண்டு பழுதாகிக் கிடக்க
அதின்ர பேரிங் நாலைக் கழட்டி
முதிரைப் பலகையில பூட்டித்
தண்ணிக் கான் இழுத்தவ.
கானை இறக்கின பிறகு பலகை சும்மா நிண்டுது.
ஏறி நிண்டா.
அவ்வளவுதான்.
அதுக்கு உலகத்தில ஒரு பேர் இருக்கெண்டு
தெரியவர இன்னும் பதினாறு வருசம் எடுத்தது.
நிவாரண உடுப்பு மூட்டைக்குள்ள
ஒரு சேட்டு வந்தது,
அதில பலகையில நிக்கிற பெடியன்ர படம்.

சரி, இது பழங்கதை.
பழங்கதைக்குப் பொன்னாடை போடலாம்.
நான் கேக்கிறது போன புதன்கிழமைக்கு.

ஒட்டுசுட்டான் நெல்லுக் காயவிடுற தளத்தில ஒத்திகை.
கவிலன் பலகையைக் காலுக்குக் கீழ
ரெண்டுதரம் சுழட்டி இறங்கினான்.
உண்மையா, நான் வாயைப் பிளந்தன்.
பலகை கனடாவில இருந்து மாமன் அனுப்பினது.
கால் மாமன் அனுப்பினதில்லை.
அவனைக் குறைச்சுச் சொல்ல நான் எழும்பேல்லை.

அடுத்தது இவ.
துள்ளேல்லை, சுழட்டேல்லை.
சாய்தளத்தால இறங்கி
சீமெந்து பொருந்துற கோட்டில
முன்சில்லை ஒரு நெல்லுமணி உயரத்துக்கு மட்டும் தூக்கி,
சத்தமில்லாமல் கடந்து,
களஞ்சியச் சுவருக்கு ஒரு சாண் தள்ளி
ஒரே வளைவு.
சுவரில இருந்த காகம் எழும்பேல்லை.

காகம் எழும்பாததுக்கு எத்தினை புள்ளி?
உங்கட புள்ளித்தாளில அப்பிடிக் கட்டம் இல்லை.
ஆனால் பதினாலு வயது ஆரணி
பல்லைக் கடிச்சதை நான் கண்டனான்.
போட்டிக்காரருக்குத்தான் பல்லைக் கடிக்கிறது.
பொன்னாடைக்குக் கைதான் தட்டுவினம்.

முழங்காலைப் பற்றி ஆரோ கதைச்சியள்.
ஓம், இடது முழங்காலுக்குள்ள ஒரு துண்டு இரும்பு இருக்கு,
டொக்டர்மார் எடுக்காமல் விட்டது.
"இடப்பக்கம் திரும்பேக்க பாரம் உதவும்" எண்டு
அவவே சிரிக்கிறா.
அதுக்கும் நான் புள்ளி கேக்கேல்லை.
இரக்கத்துக்கு வேற கந்தோர் இருக்கு.

விழுந்தால்?
விழுவா.
கவிலனும் விழுந்து மணிக்கட்டில கட்டோட திரியிறான்.
அவனுக்குத் தாயிட்ட ஒப்பம் வாங்கினியள்.
இவவின்ர ஒப்பம் இந்தா,
மில் கணக்குப் புத்தகத்தில வைக்கிற அதே ஒப்பம்.

கடைசியா வந்தால் கடைசி எண்டு எழுதுங்கோ.
அதையும் அவவுக்கு நீங்கள் தரவேணும்.
ஒலிபெருக்கியில பேரை வாசிக்கேக்க
முன்னால "அம்மா" போடாதேங்கோ.
கவிலன் எண்டு வாசிக்கிற அதே குரலில
வசந்தமலர் எண்டு வாசியுங்கோ.

பொன்னாடை சில்லுக்குள்ள சிக்கும், தலைவர்.
கதிரைக்குச் சில்லே இல்லை.

ஏழாம் இலக்கத்தை நான் குடுத்திட்டன்,
நாலு ஊசியோட.
முதுகில குத்திவிட்டது ஆரெண்டு கேட்டால்
ஆரணி.
நேராத்தான் குத்தினவள், ஆனால்
"வெல்ல விடமாட்டன்" எண்டு சொல்லிச் சொல்லி.

தோடம்பழச் சோடாவை நீங்களே குடியுங்கோ.
வெய்யில்.