இறுகுமுன்

டிசம்பர் இரண்டாம் கிழமை, ஐன்சீடல்ன்.
சீல் ஏரித் தண்ணீர் நாலு பாகை,
காற்று சைபருக்குக் கீழே ஆறு.
கரையோரம் ஏற்கெனவே
காய்ச்சிய பாலில் படிவதுபோல் ஓர் ஆடை.
துடுப்பு நுனியால் குத்திக் குத்திப்
படகுக்கு வழி எடுத்தோம்.
உடைந்த சில்லுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்
கண்ணாடி வளையல்போல் கிலுங்கின.

துடுப்பு என் முறை.
பின்பலகையில் இரண்டு தடியோடு அருள்நேசன்,
தங்கச்சியின் மனுசன்.
மூன்று வருசமாய் எங்களுக்குள் கதை இல்லை.

சீட்டு விசயம்.
ஆளைக் கூட்டி வந்தவன் நீ என்றேன் நான்,
பிணை நின்றவன் நீ என்றான் அவன்,
எடுத்தவன் லண்டனில் கடை திறந்தான்.
பிறகு எல்லாவற்றையும் பிரித்தோம்,
பிறந்தநாள்களை, பொங்கலை, கோயில் போகும் கிழமையை.
படகு மட்டும் பாதிப் பாதிக் காசில் வாங்கியது,
நடுவில் அறுக்க இயலாது.
ஆகவே வருசத்தில் ஒருநாள்,
ஏரி பூட்டுமுன், கடைசி இழுவைக்கு,
தங்கச்சி இரண்டு பேருக்கும் ஒரே செய்தி அனுப்புவாள்:
ஞாயிறு மூன்று மணி.

வலிப்பவன் பின்பக்கம் பார்த்துத்தான் வலிக்கவேண்டும்.
எவன் கண்டுபிடித்தானோ இதை.
இரண்டு மணித்தியாலம்
அவன் முகத்தைத் தவிர எனக்கு வேறு காட்சி இல்லை.
மீசை நரைத்திருந்தது. யாரும் சொல்லவில்லை.
அவனோ தடி நுனியைப் பார்த்தான்,
மலையைப் பார்த்தான்,
என் தோளுக்கு மேலால் பாலத்தைப் பார்த்தான்.

குளிரில் சாண்டர் மீன் துரத்தாது.
பசி இல்லாமல் இல்லை,
அடித்தரையில் வயிற்றை வைத்துக் கணக்குப் பார்க்கும்:
இந்த நீச்சலுக்கு இந்தச் சாப்பாடு கட்டுமா?
அதன் மூக்குக்குக் கீழால்
பொய்மீன் களைத்துப்போய்ப் போகவேண்டும்,
போவதா நிற்பதா என்று தெரியாததுபோல்.
ஒரு துடுப்பு. பொறு. ஒரு துடுப்பு.
வேகம் கூடினால் உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டுவான்,
பிள்ளையைத் தட்டிப் படுக்கவைப்பதுபோல்.
பேச்சு அவ்வளவுதான்.

நாலரைக்கு மடத்து மணி.
கறுப்பு மாதாவிடம் தங்கச்சி
எங்கள் பேரில் மெழுகுதிரி கொளுத்தியிருப்பாள்,
ஒன்றா இரண்டா, கேட்டதில்லை.

அப்போது இடப்பக்கத் தடி வளைந்தது.
கொத்தவில்லை, சுண்டவில்லை,
நனைந்த சாக்கை யாரோ கொளுவிவிட்டதுபோல் கனம்.
"கல்லு" என்றான் தனக்குத்தானே.
கல் தலையாட்டாது.
நுனி இரண்டு தரம் இல்லை இல்லை என்றது.

சுற்றினான், சுற்றுப்படவில்லை.
நுனி வளையத்தில் பனி அடைத்து
நூல் உள்ளே வர மறுத்தது.
கையுறையைப் பல்லால் உருவித் துப்பினான்,
எட்டிப் பார்த்தான், எட்டவில்லை.
தடியைப் படகுக்குள் திருப்பி
நுனியை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"மச்சான், ஊது."

ஊதினேன். போதவில்லை.
வளையத்தை வாய்க்குள் வைத்தேன்.
இரும்பு உதட்டைப் பிடித்துக்கொண்டது,
பிடுங்கினேன், எரிந்தது,
நூல் ஓடியது.

மீன் பெரிதில்லை. என் கை முழத்தைவிடக் கொஞ்சம் கூட,
முதுகு முள்ளையெல்லாம் விரித்து,
டார்ச் வெளிச்சத்தில் கண் மட்டும்
சுரங்கப் பாதைக்குள் எதிரே வரும் லொறி.
அளவுகோலில் வைத்துப் பார்த்தான்.
"சொதிக்குக் காணும்" என்றான்,
எந்த வீட்டுச் சொதி என்று சொல்லவில்லை.
காசுக் கதையை நானும் எடுக்கவில்லை.

திரும்பி வர, நாங்கள் உடைத்த வழி
மறுபடி தோல் பிடித்திருந்தது.
அவன் எழும்பி என்னைக் கடந்து முன்னுக்குப் போனான்,
படகு ஆட என் தோளைப் பிடித்தான்,
பிடித்ததும் விட்டான்.
முதுகுக்குப் பின்னால் பனி குத்துப்படும் சத்தம்,
எதிரில் வெறும் பலகை, அதில் மீன்.
நான் வலித்தேன்.
இருட்டில் படகைக் கரையேற்றிக் கவிழ்த்தோம்.

தடிகள் அவனுடையவை,
அவன் நிலக்கீழ் அறையில் தொங்கும்.
இடப்பக்கத் தடியின் நுனி வளையத்தில்
என் கீழுதட்டுத் தோல் ஒரு துணுக்கு
இப்போதும் இருக்கும்,
அவன் துடைத்திருக்காவிட்டால்.