இடது மரை

எல்லோரும் முதலில் கேட்பது நிறத்தை.
பச்சையாக்கா? கறுப்பில் மஞ்சள் கோடா?
இன்னும் அங்கே போகவில்லை என்கிறேன்.
நான் இறக்கத்திலேயே நிற்கிறேன்:
குன்னூரிலிருந்து பர்லியார் வரை
கொண்டை ஊசிக்குக் கொண்டை ஊசி
தீய்ந்த வாசம் வராமல் பிடிக்கிற பிரேக் எது?
சீட்டு எடுத்த பணம் பதினெட்டாயிரத்துச் சொச்சம்.
அதில் முதல் ஆறாயிரம் நிற்பதற்கு,
மிச்சம்தான் போவதற்கு.

சர்புதீன் கடையில் ஃபிரேம்கள்
இறைச்சிக் கடை மாதிரி கொக்கியில் தொங்கும்.
அலுமினியத்தைச் சுண்டினான். டப்.
"லேசு. ஆனா ஒடையறப்ப சொல்லாம ஒடையும், சிஸ்டர்."
(நான் சிஸ்டர் இல்லை, ரத்தப் பரிசோதனைக்காரி.
திருத்தி அலுத்துவிட்டது.)
ஸ்டீலைச் சுண்டினான்.
சத்தம் அடங்க நேரம் எடுத்தது.
"இது ஒரு மாசம் முன்னாடியே முனகும்."
முனகுகிறதைக் கீழே இறக்கச் சொன்னேன்.

ஹீமோகுளோபின் எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில்
ஹப்பு: முப்பத்திரண்டு ஓட்டை.
ரிம்மு: முப்பத்தாறு. தப்பு, மாற்ற வேண்டும்.
முன்னால் முப்பது பல், பின்னால் பெரியது நாற்பத்திரண்டு.
வண்டிச்சோலை ஏற்றத்தில்
ஆடு என்னை முந்தட்டும்,
இறங்கித் தள்ள மாட்டேன்.

பிறகுதான் கால்.
இன்ச் டேப்பால் அளந்தவன் இரண்டாம் முறை அளந்தான்,
மூன்றாம் முறை டேப்பையே உற்றுப் பார்த்தான்.
டேப்பு சரிதான் என்றேன்.
இடது கால் இருபத்திரண்டு மில்லி குட்டை.
சீட்டை வலதுக்கு வைத்தால் இடது கால் பெடலைத் தேடும்,
இடதுக்கு வைத்தால் வலது முட்டி மார்பில் இடிக்கும்.
முப்பத்தொரு வயது வரை
இரண்டுக்கும் பொருந்தாத ஒரு நடுவில் உட்கார்ந்து ஓட்டினேன்.

கிராங்கைக் கையில் வைத்து வெகுநேரம் திருப்பினான்.
பெடல் ஓட்டையை உள்ளே தள்ளிப் போட்டால்?

இடது பெடலுக்கு மட்டும்
மரை திருப்பி வெட்டியிருக்கும் என்பது
எனக்கு அன்றுதான் தெரியும்.
கைக்குப் பழகின திருகாணியெல்லாம் வலமாக இறுக,
இது இடமாக இறுகும்.
இல்லையென்றால் மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடுமாம்.
அந்த மரை வெட்டும் டாப்
குன்னூரில் இல்லை, ஊட்டியில் இல்லை.
கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்தது,
ஒரு சுண்டுவிரல் பார்சல்,
கண்டக்டருக்கு நாற்பது ரூபாய்.

கிரில் கேட் அடிக்கும் போஜன் பட்டறையில்
ட்ரில் இறங்கும்போது கண்ணை மூடிக்கொண்டேன்,
எலும்பு ஞாபகம்.
திறந்தால், தேங்காய்த் துருவல் மாதிரி
கொஞ்சம் அலுமினியம்.

ஞாயிறு காலை. பத்தடிக்கு மேல் தெரியாத பனி.
வலக்காலுக்கு ஒரு வட்டம், இடதுக்கு அதைவிடச் சின்னது.
இடது கால் முதல்முறையாக எதையும் தேடவில்லை.
சிம்ஸ் பூங்கா தாண்டும்வரை
தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன்.
வண்டிச்சோலையில் இடுப்பு பிடித்துக்கொண்டது.
சரிந்தே பழகிய இடுப்பு,
நேராக உட்கார் என்றதும்
உன்னை யார் கேட்டது என்றது.
இறங்கித் தள்ளினேன்.
ஆடு எதுவும் இல்லை, நல்லவேளை.

சர்புதீன் சிரிக்கவில்லை.
"பாதி வைப்போமா, சிஸ்டர்?"
இந்தக் கிராங்கில் பாதிக்கு இடமில்லை,
ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவே சுவர் நிற்காது.
பாதி அளவு ரெடிமேடாகவே இருந்தது
அவன் மகள் ஓட்டி முடித்த சைக்கிளில்,
மிட்டாய் ஸ்டிக்கரோடு.

ஆறு மாதம் அது. அப்புறம் இது.
துளைத்த கிராங்கு
ஆய்வகத்தில் என் மேசை டிராயரில் கிடக்கிறது,
இரண்டு கண்ணும் திறந்தபடி.
பக்கத்தில் அந்த டாப்,
இனி யாருக்கு வேண்டும் என்று தெரியாமல்.

நிறமா?
இப்போதைக்கு,
கேட்டுக்கு அடித்த டப்பாவில் மிஞ்சியது,
ரெட் ஆக்சைடு.