தக்காளி கத்துகிறதாம்

தக்காளிச் செடி கத்துகிறதாம்.
பேருந்து இருக்கையில் யாரோ விட்டுப்போன
இலவசப் பேப்பரில், ஐந்தாம் பக்கம்.
அதே பக்கத்தில் காப்பி இதயத்துக்கு நல்லது.
போன மாதம் கெட்டது.
இடைப்பட்ட நாளில் என் இதயத்தை
யாரும் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

நாரிச்சில் செடிகளின் நோய் பார்க்கிறவள் நான்.
பதினேழு வருடமாக உருளைக்கிழங்கு இலையில்
கறுப்பாகப் படரும் ஒன்றோடு மல்லுக்கட்டு.
பூஞ்சை என்று ஊர் சொல்லும்.
பூஞ்சை இல்லை என்று நான் தொடங்குவதற்குள்
விருந்தில் எதிரே நின்றவர்
தட்டை நிரப்பப் போயிருப்பார்.

அது கத்தல் இல்லை என்றேன், இரவுச் சாப்பாட்டில்.
தண்டுக்குள் மயிரிழைக் குழாய்கள்.
மேலே இலை இழுக்கும், கீழே மண் தராது,
இழுபறியில் நீர்க்கம்பி அறுந்து
உள்ளே ஒரு குமிழி. டிக்.
நம் காதுக்கு எட்டாத சுருதியில்,
மணிக்கு முப்பது, நாற்பது.
விரலில் நெட்டி முறிக்கிறோமே, அந்த மாதிரி.

மகிழா ரசத்திலிருந்து தக்காளித் தோலை
ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரம் வைத்தாள்.
"அப்போ தாகமா இருக்கும்போதுதான் நெட்டி முறிக்குமா?"
நல்ல கேள்வி என்றேன்.
ஆய்வகத்தில் அந்தச் சொல்லுக்கு
எனக்குத் தெரியாது என்று அர்த்தம்.

அந்நேரம் பார்த்து மாடியில் ரேடியேட்டர்
டக் டக் என்றது.
ஏப்ரலிலும் அணைக்க விடாத ஊர்.
"அதுக்கும் தாகமா?"
கிட்டத்தட்ட. குழாயில் காற்று.
பித்தளைச் சாவியைக் கால் சுற்றுத் திருகினால்
சீறும், கறுப்பாகக் கொஞ்சம் துப்பும், அடங்கிவிடும்.
செடிக்கு அப்படிச் சாவி கிடையாது,
என்று சொல்லியிருக்க வேண்டாம்.

பக்கத்து வீட்டு லார்ட்டரிடம் வௌவால் கருவி இருக்கிறது.
தபால்காரராக இருந்தவர்; இப்போது
வென்சம் ஆற்றங்கரையில் நின்று
இருட்டில் பறப்பதை எண்ணுகிறார்.
எங்கள் காதுக்கு மேலே நடப்பதை
எங்கள் காதுக்கு இறக்கித் தரும் பெட்டி.
"பேட்டரி உங்கள் செலவு" என்று கொடுத்தார்.

எட்டரை மணி. சமையலறை விளக்கை அணைத்தோம்.
ஜன்னலோரம், மூன்று நாள் தண்ணீர் காணாத செடி,
தோள் தொங்கி.
முதலில் ஃபிரிட்ஜ் பேசியது, சட்டிக்குள் விழுந்த வண்டாக.
சார்ஜர் விடாமல் தேம்பியது.
மகிழாவின் பைஜாமா உரசியது காட்டுத்தீ.
நான் அசைந்ததில் பாக்கெட்டுச் சாவிக்கொத்து
தேர் இழுத்த மாதிரி கிடுகிடுத்தது.
இளம்பரிதி ஒரு சிப்ஸ் பாக்கெட்டோடு உள்ளே வர,
இரண்டு பேரும் அவரை அடிக்கப் போனோம்.

இவ்வளவு இரைச்சலுக்கு நடுவில் உட்கார்ந்துதான்
வீடு அமைதியாக இருக்கிறது என்று
அம்மாவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தேனா?

பிறகு ஒரு டிக்.
செடியா, கேஸ் மீட்டரா, என் முழங்காலா?
மாதிரி ஒன்றே ஒன்று. ஒப்பிடத் தண்ணீர் விட்ட செடி இல்லை.
சோதனை செய்தவர்களில் ஒருத்திக்கு வயது ஒன்பது,
இன்னொருத்திக்கு முடிவு முன்பே தெரியும்.
இதைக் கட்டுரையாக யாராவது அனுப்பினால்
இரண்டே வரியில் திருப்பி அனுப்புவேன்.

"கேட்டதா?" என்றார் லார்ட்டர் மறுநாள், வேலிக்கு மேலே.
தெரியவில்லை என்றேன்.
"நாங்கள் ஒன்றும் வராத இரவையும்
சுழியம் என்று எழுதி வைப்போம்," என்றார்,
பேட்டரியைச் சரிபார்த்தபடி.

அதற்கு முன், அந்த இரவு, ஒன்றரை மணிக்கு
தண்ணீர் குடிக்கக் கீழே வந்தேன்.
தொட்டி நிரம்பி, தட்டு நிரம்பி,
ஜன்னல் விளிம்பிலிருந்து தரைக்குச் சொட்டிக்கொண்டிருந்தது.
அடியில் யாரோ பேப்பர் விரித்திருந்தார்கள்,
காப்பிச் செய்தி மேலே தெரிய, ஊறிப்போய்.
இவ்வளவு தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகும்.
காலையில் சொல்லிக்கொள்ளலாம்.