கேத்தி முனை, ஞாயிறு ஆறரை மணி

முதலில் பார்த்தவை குரங்குகள்.
பர்லியாறில் டீ குடிக்க லாரியை நிறுத்திய நேரத்தில்
தார்ப்பாய்க்குள் தலை நுழைத்து
ஒன்று பக்கக் கண்ணாடியைத் தனக்கேற்றபடி திருப்பிக்கொண்டதாம்.
டிரைவர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.
துறைமுகத்தில் ஏழு வாரம்,
சுங்க அலுவலகத்தில் பதினோரு கையெழுத்து,
எல்லாம் முடிந்து
முதல் பார்வை குரங்குக்கா?

அதனால் மனிதர்களுக்காவது முறையாகக் காட்ட நினைத்தேன்.
பள்ளத்தாக்கைத் தாண்டி வரும் வெயில்
நேராக அதன் சிவப்பில் விழும் இடத்தை
சனிக்கிழமையே போய் நின்று பார்த்து
ஒரு கல்லை வைத்துவிட்டு வந்திருந்தேன்.

வந்தார்கள்.
வாரம் முழுக்க வேதியியல், ஞாயிறுகளில் கார்புரேட்டர் என்றிருக்கும்
கமலவேணி டீச்சர், தன் பழைய வெள்ளை எஸ்டீமில்.
பெட்ஃபோர்டில் பட்டறை வைத்திருக்கும் ரெஜினால்டு,
கையில் வர்க்கிப் பொட்டலம்.
கூடலூரிலிருந்து நாலு மணிக்கே கிளம்பிய ஷாநவாஸ்.
கேரட் ஏலத்தில் கத்திக் கத்திக் குரல் போன போஜன்.

மஞ்சும் வந்தது,
கூப்பிடாமல் வந்து
முன்வரிசையில் உட்காரும் உறவுக்காரர் போல.

உறையை ஒரே இழுப்பில் உருவினேன்.
நிசப்தம்.
"எடுத்துட்டீங்களா?" என்றார் டீச்சர்
இரண்டடி தள்ளி நின்றுகொண்டு.

பிறகு கைகள்தான் பார்த்தன.
யானையைத் தடவியவர்களின் கதை எல்லோருக்கும் தெரியும்,
யாரும் அதை எடுக்கவில்லை.
ரெஜினால்டு வர்க்கி எண்ணெயைச் சட்டையில் துடைத்துவிட்டு
சக்கர வளைவை ஒரு கன்றுக்குட்டியைப் போல நீவினார்.
ஷாநவாஸ் ஈரத் தார்ரோட்டில் மல்லாந்து படுத்து
அடிவயிற்றின் உயரத்தை விரலால் அளந்தான்.
"அண்ணே, அருவங்காடு ஸ்பீட்பிரேக்கர்ல
இது பாலம் மாதிரி நின்னுடும்."
போஜன் புகைக்குழாயை மோந்து பார்த்தான்.
டர்போ ஒன்றா இரண்டா,
பின்சக்கரமா நாலு சக்கரமா, கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.
நான் சொன்ன எண்களெல்லாம்
வாயிலிருந்து புகையாகப் போய்
மஞ்சோடு சேர்ந்தன.

கடைசியில் பொத்தானை அழுத்தினேன்.
எஞ்சினுக்கு முந்திக்கொண்டு அவள் பேசினாள்.
ஒரு வாக்கியம். ஜப்பானிய மொழி.
முடிவில் குரல் லேசாகக் குனிந்தது.

"வணக்கம் சொல்லுது" என்றான் போஜன்.
"எண்ணெய் மாத்தணுமாம்" என்றார் ரெஜினால்டு.
"இல்ல, மன்னிப்புக் கேக்குற மாதிரி இருக்கு," டீச்சர்.
"இன்னொரு வாட்டி போடுங்கண்ணே."
ஆறு முறை அணைத்து ஆறு முறை எழுப்பினேன்.
நானூறு குதிரைகள்
வாசலில் நின்ற வாடகைக்காரர்களைப் போலக் காத்திருந்தன.

எனக்குத் தெரியும். துறைமுக ஏஜென்ட் சொல்லியிருந்தார்:
சுங்கச்சாவடி அட்டை செருகவில்லை என்கிறாள்.
எந்தச் சாவடி, எந்த அட்டை?
அந்த ஊர்ச் சாலைகளுக்காக
இங்கே தினமும் காலையில் கேட்கிறாள்.
சொல்லியிருக்கலாம்.
நாலு பேரும் காதைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

எட்டு மணிக்கு மஞ்சு பிரிந்தது.
வெயில் சொன்ன சொல் தவறாமல்
நான் வைத்த கல்லில் விழுந்தது.
அங்கே நின்றிருந்தது எஸ்டீம்.
இருபத்தைந்து வருஷப் பெயின்ட், கதவோரம் துரு,
அப்படி ஒரு வெள்ளையை நான் பார்த்ததில்லை.
ரெஜினால்டுகூடத் திரும்பி நின்று
"டீச்சர், பாலீஷ் போட்டீங்களா?" என்றார்.

இறங்கும்போது கேரட் லாரிக்குப் பின்னால்
குன்னூர் வரை இரண்டாம் கியர்.

இரவு போஜன் கூப்பிட்டான்:
அந்தப் பொண்ணு பேசினதைப் பதிஞ்சு அனுப்பு.
அனுப்பினேன்.
மேட்டுப்பாளையம் மண்டியில், விலை ஏறிக்கொண்டிருக்கையில்
அவன் சட்டைப்பையிலிருந்து இப்போது அவள்தான் பேசுகிறாள்.
தராசுக்காரர் எடைக்கல்லைக் கையிலேயே வைத்துக்கொண்டு
முடியும்வரை கேட்கிறாராம்.