தாமதத்துக்கான காரணம்

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள்தானாம்.
நான் வந்து நிற்பது இருநூற்று நாற்பத்தோராவது நாள்.
நடுவில் தவறிய இருநூற்றுப் பதினொரு நாளுக்கும்
காரணம் வேண்டும் என்கிறார் வக்கீல் எப்சிபா,
ஸ்வெட்டர்மேல் கறுப்புக் கோட்டும்
மேசையில் வெந்நீர் பிளாஸ்க்குமாய்.

சொல்கிறேன் மேடம்.
வெளியே வந்த முதல் நாள் தூங்கினேன்.
இரண்டாம் நாள் மகளை முதல்முறையாகத் தூக்கினேன்.
அதற்குள் அவளுக்கு நடை வந்திருந்தது.
என் மடியிலிருந்து இறங்கி
நடந்து போய்விட்டாள்.
பிறகு கேத்தியில் கேரட் கழுவினேன்,
ராத்திரி ரெண்டு மணிக்கு, முழங்கால் தண்ணீரில்.
எத்தனை நாள் என்று எண்ணவில்லை.
ஒருநாள் லைசென்ஸ் பேட்ஜ் புதுப்பிக்கப் போனேன்.
கம்பிக்கு உள்ளே இருந்தவர் திரையைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
"முந்நூத்தி தொண்ணூத்திரெண்டா?" என்றார்.
எனக்கு முன்னாலேயே வந்து
அங்கே உட்கார்ந்திருந்தது அந்த எண்.

பின்னே ஏன் ஒப்புக்கொண்டாய் என்கிறார்.

ஜாமீன் கிடைக்காமல் இல்லை மேடம்.
பட்டா உள்ள ரெண்டு பேர் கையெழுத்து கேட்டார்கள்.
எங்கள் லைனில் நாற்பது வீடு.
கப்பலில் வந்த குடும்ப அட்டை
எல்லார் டிரங்குப் பெட்டியிலும் இருக்கிறது.
பட்டா தேயிலைக்குத்தான்.

பதினோராம் மாதம், உறைபனி விழுந்த வாரம்,
கோர்ட்டு வராந்தாவில் பேச்சு முடிந்தது.
அரசு வக்கீல் பிளம்ஸ் பழம் போலச் சிவந்த மூக்கைத் துடைத்துக்கொண்டும்
என் பழைய வக்கீல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டும்.
"ஒத்துக்கோ. இருந்த நாளோட முடிச்சிடுவாங்க.
சாயங்காலம் வீட்ல சாப்பிடலாம்."
நடுவர் நல்லவர். மூன்று தடவை கேட்டார்:
யாராவது மிரட்டினார்களா,
ஆசை காட்டினார்களா,
சொந்த விருப்பம்தானா.
மூன்றாம் தடவை அவர் குரல் தணிந்தபோது
எங்கே உண்மையைச் சொல்லிவிடுவேனோ என்று பயந்து
அவசரமாக ஆமாம் என்றேன்.

அந்த ஆமாமைத்தான் திரும்பக் கேட்டு வந்திருக்கிறேன்.

ஒப்புக்கொண்டவனுக்குக் கதவு கிடையாது,
ஒரு ஜன்னல் உண்டு என்கிறார் எப்சிபா.
தண்டனையின் அளவைப் பற்றி முறையிடலாமாம்.
தண்டனைதான் தீர்ந்துபோயிற்றே.
முட்டிப் பார்ப்போம் என்கிறார்.
பிறகு பேனாவை மூடிவைத்து,
"நடந்தது என்ன?"

கட்டபெட்டு தாண்டிய வளைவு.
முன் விளக்கு முட்டித் திரும்புகிற மூட்டம்.
சவாரி வந்த இரண்டு பேர் நிறுத்தச் சொன்னார்கள்,
இறங்கினார்கள்.
ஒரு ஸ்கூட்டர் விழுகிற சத்தம்.
ஒரு ஆள் "அய்யோ" என்றது,
அவ்வளவுதான், ஒரே ஒரு தடவை.
நான் இறங்கவில்லை. யார்மேலும் கை வைக்கவில்லை.
இஞ்சினை அணைக்கவும் இல்லை.
பையோடு ஏறினார்கள்.
ஜிப்பு போன இடத்தில் ஊக்கு குத்திய பை.
இலைப் பணம் கொடுக்க வருகிற ஜோகி அண்ணன் பை.
சனிக்கிழமைதோறும் அதிலிருந்துதான்
என் பெண்டாட்டி கூலி வாங்குவாள்.

செகண்ட் கியர் போட்டேன்.

இது ஆமாமா, இல்லையா மேடம்?

பிளாஸ்க்கைத் திறந்தார், குடிக்காமல் மூடினார்.
போன் வந்தது. எழுந்து வெளியே போனார்.

குமாஸ்தா என் பக்கம் நாற்காலியை இழுத்தார்.
நாளுக்கொரு கதை ஜட்ஜு கேட்கமாட்டாராம்.
மஞ்சள் காமாலை என்று போட்டால் போதுமாம்.
சர்டிபிகேட்டுக்கு முந்நூறு ரூபாய்.
எனக்குக் காமாலை வந்ததே இல்லை.
கேரட் சாயம் போகாத உள்ளங்கையைக் காட்டினேன்.
சிரித்தார். தட்டச்சு செய்தார்.

தாளின் அடியில், என் பெயருக்கு மேலே:
"படிக்கக் கேட்டு, சரியென ஒப்புக்கொண்டு."

கடைசி பஸ் ஐந்தரைக்கு.
பேனா என் கையில் இருக்கிறது.
வெளியே வராந்தாவில் எப்சிபா யாரிடமோ
"வாய்தா, வாய்தா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.