கூண்டு ஏற்றிய நாட்கள்

வட்டார வள மையத்தில் இரண்டு நாள் பயிற்சி.
தேநீர், மிக்சர், ஒரு கோப்பு.
நல்லது செய்யும் பிள்ளைக்கு
நட்சத்திரம் ஒட்டுங்கள் என்றார்கள்.
ஒட்டினேன்.
முப்பத்தொரு பெயர், ஐந்து வகுப்பு, ஒரே அட்டை.

மோர்ப்பண்ணையில் எதுவும் ஒட்டி நிற்காது.
உப்புக்காற்று முதலில் மூலைகளைத் தூக்கும்,
பிறகு நடுவை.
திங்கட்கிழமை வாங்கிய நட்சத்திரம்
புதன்கிழமை தரையில் கிடக்கும்.
சோற்றுப்பசை தடவிப் பார்த்தேன்.
எறும்புகள் வந்து
ரிஸ்வானாவின் நன்னடத்தையை
வரிசையாய்ச் சுமந்துகொண்டு போயின.

பிரிட்டோவுக்கு அந்தக் கவலை இல்லை.
அவன் பெயருக்கு நேரே
விழுவதற்கு ஒன்றும் இருந்ததில்லை.

மூன்றாம் வகுப்பு. கடிப்பான்.
தள்ளுவது, திட்டுவது, பென்சிலைப் பிடுங்குவது
எல்லாப் பிள்ளையும் செய்வதுதான்.
இவன் கடிப்பான்.
சூசையின் முழங்கையில் அரைவட்டம்.
முனீஸ்வரியின் தோளில்
ஈரமணலில் நண்டு நடந்த மாதிரி.
எனக்கும் ஒன்று உண்டு,
வாட்சைக் கழற்றினால் தெரியும்.

"அப்பன் கடலுக்குப் போயிருக்கான், பிள்ளைக்குப் பயம்"
என்றார் தலைமையாசிரியர்.
இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன்.
நான் பரமக்குடிக்காரி.
கடலைப் பற்றி யார் எது சொன்னாலும் நம்புவேன்.

அவன் கடித்த தேதிகளை எல்லாம்
பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தேன்.
அன்பினால் அல்ல,
மேலிடத்தில் கேட்டால் காட்ட.
ஒன்பது தேதிகள்.
சத்துணவு சமைக்கும் மரியபுஷ்பம்
முருங்கைக்காயும் கத்தியுமாய் எட்டிப் பார்த்தாள்.
"இதெல்லாம் பாம்பன்ல கூண்டு ஏத்துன நாளுல்ல டீச்சர்.
ஒரு வத்தையும் போகலையே."

கடலுக்குப் போகாத நாட்கள்.
அப்பா வீட்டில் இருந்த நாட்கள்.

அதற்குமேல் அவள் சொல்லவில்லை.
முருங்கைக்காயை முன்பைவிடச் சின்னதாய்
நறுக்கிக்கொண்டே இருந்தாள்.

சுவரில் நீலப் பெயிண்டில் இருக்கும்
பத்து ஒன்பது எட்டுக்குப் பேசினேன்.
வந்தார்கள், அவன் வீட்டுக்கும் போனார்கள்,
என்னிடம் ஒரு கையெழுத்து வாங்கினார்கள்.
மறுபடி வருவோம் என்றார்கள்.
காற்று அவர்களுக்கு முன்னால் வந்தது.

இப்போது விடியும் முன் வானிலை கேட்கிறேன்.
வீட்டில் சிரிக்கிறார்கள்,
படகு எப்போது வாங்கினாய் என்று.
ஒன்றாம் எண் என்றால்
ஏழு மணிக்கே கேட்டைத் திறந்துவிடுவேன்.
அவன் ஏற்கெனவே நிற்பான்,
ஒரு பொத்தான் மாறி, தலை வாராமல்.
என்னடா ஆச்சு என்று கேட்பதில்லை.
கரும்பலகை துடைக்கணும் என்பேன்.
துடைத்த பலகைதான். மறுபடி துடைப்பான்.
மரியபுஷ்பம் சுக்குத்தண்ணி கொடுப்பாள்,
ஊதிக் குடிப்பான்.
மற்றவர்கள் வரும்போது
அவன் கையெல்லாம் சாக்பீஸ் வெள்ளை.

அப்படி ஒரு காலையில்
தரையில் உதிர்ந்ததைக் கூட்டிப் பொறுக்கி
உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்தான்.
"இது சூசையோடது, குடம் தூக்குனதுக்கு.
இது ரிஸ்வானாவுது, ஒன்னாப்பு அழுதப்ப
மடியில வச்சிருந்தால்ல, அதுக்கு.
இது முனீஸுக்கு நீங்க சும்மா குடுத்தது."
பதினான்கு நட்சத்திரம்.
ஒன்றுகூடத் தப்பவில்லை.
ஒருமுறையும் வாங்காதவன்
எல்லாவற்றையும் மனப்பாடமாய் வைத்திருந்தான்.

அவனுக்கு என்ன ஒட்டுவது என்று தெரியாமல்
கோந்துப் புட்டியை அவனிடமே கொடுத்தேன்.

இது நடந்து ஒரு மாதம் கடிக்கவில்லை.
போன வியாழன் கடித்தான்.
சூசையை, அதே முழங்கையில்.
நான் எழுவதற்குள் அவனே மேசைக்கு வந்தான்.
வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு
"தேதி எழுதிக்கங்க டீச்சர்" என்றான்.

எழுதினேன்.
அன்று கூண்டு இல்லை.
கடல் தாம்பாளத்துத் தண்ணீர் போலக் கிடந்தது,
எல்லா வத்தைகளும் போயிருந்தன.