ஆடி மாதப் பட்டியல்

ஆடியில் முகூர்த்தம் கிடையாது.
பாதிச் சாவிகள் ஆணியிலேயே தொங்கும்.
பன்னிரண்டுக்கு மேல்
மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில்
பால் வேன் வருகிற வரைக்கும்
நானும் மின்விசிறியும்தான்.
அதனால் ஆனி முடிவதற்குள்
பட்டியல் போட்டுவிட வேண்டும்.

புத்தகம் நான் வாங்குவதில்லை,
தானாக வருகிறது.
மதுரையில் அறை எடுப்பவர்கள்
சாமி, கேஸ், கண் ஆபரேஷன் என்று
ரெஜிஸ்டரில் காரணம் எழுதுவார்கள்.
போகும்போது சார்ஜர், சீப்பு,
ஒற்றைச் செருப்பு, ஒரு தடவை பல்செட்,
எப்போதாவது ஒரு புத்தகம்
விட்டுவிட்டுப் போவார்கள்.

முதலாளி குப்புராம் போட்ட சட்டம்:
முப்பது நாள் பீரோவில் இருக்கட்டும்.
கேட்டு வந்தால் கையெழுத்து வாங்கிக் கொடு.
வராவிட்டால்
சார்ஜர் கவுன்டருக்கு, சீப்பு குப்பைக்கு,
புத்தகம் இருளப்பனுக்கு.
இருளப்பன் நான்தான்.
ராத்திரி வேலைக்கென்றே வைத்த பேர்.

எனவே பட்டியலில் என் ஆசைக்கு வேலையில்லை.
எதற்கு என்றைக்கு முப்பது முடிகிறதோ
அதற்கு அன்றைக்கு முறை.

ஆடி ஒன்று:
நூற்றுநாலாம் அறையின் தலையணை நாவல்.
எழுநூற்று நாற்பது பக்கம்.
பேராசிரியர் விட்டுப்போனது.
அடிக்கோடெல்லாம் முதல் நாற்பதிலேயே தீர்ந்துவிட்டது.
ராத்திரிக்கு எழுபது என்று வகுத்தேன்,
மீதி நாற்பது இடித்தது,
பதினோரு ராத்திரி என்று எழுதிக்கொண்டேன்.

பன்னிரண்டு, பதின்மூன்று:
தென்னையில் சிவப்புக் கூன்வண்டு.
எனக்குத் தென்னை இல்லை,
தென்னை வைக்க இடமும் இல்லை.
ஆனால் அவ்வளவு கெட்டியான மரத்துக்குள்
அது எந்த வழியாகப் போகிறது என்று
தெரியாமல் இருக்க முடியவில்லை.

பதினான்கு:
கவிதைப் புத்தகம், மெலிசு.
முதல் பக்கத்தில் "என்றும் உன்"
அதற்குக் கீழே பேர் மட்டும் நனைந்து நீலம்.
மறந்து வைத்ததா, மறக்க வைத்ததா?
ஒரே ராத்திரியில் முடிந்துவிடும்.
மூன்று ராத்திரி ஒதுக்கினேன்.

பதினேழு:
இருநூற்றேழு.
இதற்காகத்தான் மற்ற எல்லாவற்றையும்
ஒழுங்காக அடுக்கினேன் என்று சொல்லலாம்.
அட்டையில் கப்பல்.
பீரோ திறக்கிற போதெல்லாம் பார்த்திருக்கிறேன்,
பிரித்ததில்லை. சட்டம் சட்டம்தான்.
சொட்டு மருந்து டப்பாவைக் கிழித்த அட்டை
அடையாளமாக நீட்டிக்கொண்டிருந்தது.
ரெஜிஸ்டரில்: வியாகுலமேரி, ஐம்பத்தெட்டு,
தேவகோட்டை. காரணம்: கண்.

நேற்று ராத்திரி இரண்டு மணி.
கறுப்புக் கண்ணாடி போட்ட அப்பாவைக்
கைத்தாங்கலாகக் கூட்டி வந்தான் ஒரு பையன்.
நான் ஆதார் நகலுக்குக் காத்திருக்க
அவன் ஆஸ்பத்திரிச் சீட்டை
அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினான்.
குனியக் கூடாது.
தலைக்குத் தண்ணீர் விடக் கூடாது.
ஒரு மாதத்துக்கு எதுவும் படிக்கக் கூடாது.

மூன்றாவது கூடாது
எனக்கும் சேர்த்துச் சொன்னதுபோல் இருந்தது.

ஒரு மாதம்.
முப்பது நாள்.
குப்புராமின் முப்பதும் டாக்டரின் முப்பதும்
ஒரே தேதியில் தொடங்கியிருக்கின்றன.
அந்தம்மா கட்டுப் பிரித்து வெளிச்சம் பார்த்து
எங்கே என் கப்பல் என்று தேடுகிற அன்றைக்கு
நான் அதில் ஏறி
பாதிக் கடல் தாண்டியிருப்பேன்.

பதினேழை அடித்தேன்.
அட்டை எந்தப் பக்கத்தில் என்று மட்டும்
திறந்து பார்த்து மூடினேன்.
படிக்கவில்லை.
"உப்பு" என்ற சொல் தானாகக் கண்ணில் விழுந்தது,
அதை என் கணக்கில் எழுதக் கூடாது.

காலையில் முதலாளி வந்தார்.
ரெஜிஸ்டருக்கு அடியில் கிடந்த தாளை எடுத்து
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
"என்னடா, பதினேழுலேர்ந்து காலியா?"
"இல்ல சார், ரிசர்வ் ஆகியிருக்கு."
"அட்வான்ஸ் வாங்கினியா?"
"எண்பத்தெட்டுப் பக்கம் கட்டியிருக்காங்க சார்."